படுக்கை நோயாளியின் கைகால் வீக்கம்

(குமாரபாளையத்தில், சுற்றுப்புற ஊராட்சிகளைச் சேர்ந்த பெண் சுகாதாரத் தன்னார்வலர்களுக்கும் மகளிர் சுய உதவிக் குழுவினருக்கும் நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், வடிகால், வீட்டு வசதி ஆகியவற்றைப் பற்றிப் பேசுவதற்கென்றே அமர்த்தப்பட்ட அதிகாரி, நோயாளியின் கால் வீக்கத்தைப் பற்றிப் பேச வந்திருப்பது உங்களுட் சிலருக்கு வியப்பாக இருக்கக்கூடும். நாம் மருத்துவம் பயின்றவரல்லர். மருத்துவர்களிடமும் இயன்முறை மருத்துவர்களிடமும் கேட்டறிந்ததையும், அவர்களுடன் வீடு வீடாகச் சென்று கண்டதையுமே இங்கே கூற இருக்கிறோம். ஆனால் இது வளர்ச்சிப் பணிக்குப் புறம்பானதன்று. நமது வட்டாரத்தில் தறி ஓட்டும் ஒருவர் படுக்கையில் வீழ்ந்தால், அவர் கூலி நின்றுபோவதோடு நில்லாது, அவரைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கும் மனைவியின் கூலியும் நின்றுவிடுகிறது. பட்டறையில் வாங்கிய முன்பணம் அப்படியே நிற்கிறது. அதன்மேல் ஆஸ்பத்திரிக் கடன் ஏறுகிறது. அவர் மூன்று மாதத்தில் எழுந்து நடப்பாரா, மூன்று ஆண்டுகள் கிடப்பாரா என்பதில் ஒரு குடும்பத்தின் வாழ்வே அடங்கியிருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை, பல வேளைகளில், வீங்கிய கையையும் காலையும் வீட்டார் எவ்வாறு பேணுகிறார்கள் என்பதைப் பொறுத்திருக்கிறது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் 10 நாள், 20 நாள் கிடந்து உயிர் தப்பி வீடு திரும்புவோரை இப்போது ஊர்தோறும் காண்கிறோம். முன்பெல்லாம் இத்தகையோர் பலர் பிழைப்பதில்லை. சேலம்–கொச்சி நெடுஞ்சாலை நம் ஊரை ஒட்டிச் செல்கிறது. விபத்தில் அடிபட்டவரை 108 வண்டி விரைவில் கொண்டு சேர்த்துவிடுகிறது. நாமக்கல்லில் 2022ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரியும் இயங்குகிறது. உயிர் காக்கப்படுகிறது. பின்னர் நடக்க வேண்டியது நம் வீட்டுத் திண்ணையிலும் கட்டிலிலும் நடக்கிறது. அவ்வாறு வீடு வந்தவரைக் காணச் செல்வோர் முதலில் கவனிப்பது அவரது கைகால் வீக்கத்தையே. கால் தூண்போல் இருக்கிறது, புறங்கை உப்பியிருக்கிறது, கட்டைவிரலால் முழங்காலுக்குக் கீழே எலும்பின் மேல் சற்று நேரம் அழுத்தி எடுத்தால் குழி விழுந்து, மெல்ல மெல்லவே மேலெழுகிறது. உடனே பக்கத்து வீட்டார் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிடுகின்றனர்.

உடம்பில் நீர் ஏன் தேங்குகிறது என்பதை நமது பாசனத்தைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். மேட்டூரிலிருந்து வரும் கிழக்குக்கரை வாய்க்காலில் நீர் ஓடும் காலத்தில், வயலில் பாய்ந்த நீர் வடிவதற்கு வழியில்லையேல் பயிர் அழுகும். நீர் வந்தது குற்றமன்று, வடியாததே குற்றம். உடம்பிலும் அவ்வாறே. இருதயத்திலிருந்து புறப்படும் இரத்தம், மயிரிழையினும் மெல்லிய தந்துகிகளை அடையும்போது, அதன் நீர் சிறிது வெளியே கசிந்து தசைகளை நனைக்கிறது. கசிந்த நீர் மீண்டும் நாளங்களுக்கும் நிணநீர்க் குழாய்களுக்கும் திரும்ப வேண்டும். கசிவுக்கும் அதை இழுத்துப் பிடிக்கும் ஆற்றலுக்கும் இடையே உள்ள சமநிலையை, ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1896ஆம் ஆண்டில் விளக்கினார். இரத்தத்தில் உள்ள ஆல்புமின் என்னும் புரதமே நீரை உள்ளே பிடித்து வைக்கும் முக்கியமான சக்தி.

ஆனால் பாதத்திலிருந்து இருதயம் வரை மேல்நோக்கி ஏறுவதற்கு ஓர் உந்துதல் வேண்டும். அந்த உந்துதலைத் தருவது கெண்டைக்கால் தசை. நடக்கும்போது அது சுருங்கி நாளத்தைப் பிழிகிறது. நாளத்தினுள் உள்ள கதவுகள் இரத்தத்தை மேலே மட்டும் விடுகின்றன, கீழே விடுவதில்லை. இந்தக் கதவுகளின் பயனை ஹார்வி என்பவர் 1628ஆம் ஆண்டிலேயே எடுத்துக் காட்டினார். கெண்டைக்காலை இரண்டாம் இருதயம் என மருத்துவர்கள் அழைப்பது இதனால்தான். குழித்தறியில் அமர்ந்து மிதியை மாற்றி மாற்றி மிதித்த நம் பெரியோர்களுக்கு அந்த இரண்டாம் இருதயம் பகல் முழுவதும் இயங்கிற்று. விசைத்தறிக்கு முன்னால் ஒரே இடத்தில் நிற்பவருக்கு அது அரைத் தூக்கத்தில் இருக்கிறது. பொழுது சாயும்போது செருப்பின் வார் பதிந்த தடம் காலில் தெரிகிறது. படுக்கையில் அசைவற்றுக் கிடப்பவருக்கோ, அது முற்றிலும் நின்றுவிடுகிறது.

கடும் நோயில் வேறு இடையூறுகளும் சேர்ந்துகொள்கின்றன. உடம்பெங்கும் தொற்று பரவும்போது தந்துகிகளின் சுவர் நைந்து, துணியில் இழை விலகியதுபோல், நீரைக் கசிய விடுகிறது. இரத்த அழுத்தம் வீழ்ந்துவிடாமல் காக்க மருத்துவர்கள் நாளத்தின் வழியே திரவம் ஏற்றியாக வேண்டும். அதில் ஒரு பங்கு கசிந்து கைகால்களில் தங்குகிறது. உண்ணாமையாலும் நோயாலும் ஆல்புமின் குறைகிறது. ஆகவே, 'ஆஸ்பத்திரியில் தண்ணீர் ஏற்றியே வீங்க வைத்துவிட்டார்கள்' என்று குறை கூறுவது முறையன்று. அந்தத் திரவம் உயிரைக் காப்பதற்காக ஏற்றப்பட்டது. மிகுந்த நீர் நோய் தணியத் தணியச் சிறுநீராக வெளியேறும்; நாம் அதற்குத் துணை செய்ய வேண்டும். ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ எடை. எடை பார்க்கக்கூடிய நோயாளியாயின், நாள்தோறும் ஒரே நேரத்தில் எடை பார்த்து எழுதி வைப்பது மருத்துவருக்குப் பெருந்துணையாகும்.

வீக்கம் பார்வைக்கு அசிங்கம் என்பதோடு முடிந்துவிடும் தொல்லையன்று. நீர் தேங்கிய தோல் மெலிந்து பளபளக்கிறது. சிறிது உரசினாலும் கிழிகிறது. கிழிந்த இடத்தில் புண்ணும் சீழும் உண்டாகின்றன. கனத்த காலை நோயாளியால் தூக்க இயலுவதில்லை. தூக்காமையால் தசை மேலும் கரைகிறது. இலண்டனில் தீவிர சிகிச்சை நோயாளிகளிடம் அளந்து 2013ஆம் ஆண்டு வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், பத்தே நாளில் தொடைத் தசையின் குறுக்களவு ஏறத்தாழ 18 சதவீதம் குறைந்துவிட்டதாகக் கண்டனர். பத்து நாளில் கரைந்ததை மீட்பதற்கு மாதங்கள் ஆகலாம்.

இனி, அசைப்பதைப் பற்றி முதலில் கூறுவோம். நம் மக்களின் உள்ளத்தில் 'நொந்த உடம்பை அசைக்கலாகாது' என்னும் எண்ணம் ஆழ வேரூன்றியிருக்கிறது. அன்பினால் எழும் எண்ணம் அது. ஆயினும் பெருங்கேடு விளைவிப்பது. அமெரிக்காவில் இரு மருத்துவமனைகளில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த 104 நோயாளிகளை இரு பிரிவாக்கி, இரு பிரிவினருக்கும் மயக்க மருந்தைத் தினமும் சற்று நிறுத்தி, ஒரு பிரிவினருக்கு அக்கருவியோடு இருக்கும்போதே கைகால்களை இயக்கும் பயிற்சியைத் தொடங்கினர். 2009ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, ஆஸ்பத்திரியை விட்டுச் செல்லும்போது தம் காரியங்களைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் இருந்தோர், பயிற்சி பெற்ற பிரிவில் 59 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்ற பிரிவில் 35 சதவீதம். சுவாசக் கருவியில் உள்ளவரையே அசைக்கலாம் என்றால், நம் வீட்டுக் கட்டிலில் கிடப்பவரை அசைப்பதற்கு அஞ்ச வேண்டுவதென்ன? ஆறாத எலும்பு முறிவு, முதுகெலும்புக் காயம், புதிதாகக் கண்ட இரத்தக் கட்டி ஆகியவை உள்ளவரை மட்டும் மருத்துவரின் சொல் இன்றி அசைத்தல் கூடாது. பக்கவாதம் கண்ட முதல் நாளிலும் மருத்துவர் கூறும் அளவே அளவு.

செய்யும் முறை எளியது. நோயாளி தானே அசைக்கக்கூடுமாயின் தானே அசைக்கட்டும். இயலாவிடில் நாம் அசைக்க வேண்டும். பாதத்தை முகத்தை நோக்கி மடக்கி, பின்னர் கீழ்நோக்கி நீட்டி, அதன்பின் வட்டமாகச் சுழற்ற வேண்டும். முழங்காலையும் இடுப்பையும் மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். கைவிரல்களை மூடித் திறந்து, மணிக்கட்டையும் முழங்கையையும் அவ்வாறே இயக்க வேண்டும். ஒவ்வொன்றும் பத்து முறை. ஒரு நாளில் நான்கைந்து வேளை. ஒரு கை மூட்டுக்கு மேலும், மற்றொரு கை மூட்டுக்குக் கீழும் தாங்கியிருத்தல் வேண்டும். தடை தோன்றும் இடத்தில் நிறுத்த வேண்டும். வலியில் முகம் சுளிக்கும் வரை தள்ளலாகாது. பக்கவாதம் வந்த கையைப் பிடித்து இழுத்து நோயாளியைத் தூக்கி உட்கார வைப்பது நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கும் தவறு. அதனால் தோள் மூட்டு நழுவி, பிறகு அந்தக் கையை அசைக்கவே விடாத வலி உண்டாகிறது. ஆழ்ந்து மூச்சு இழுத்து விடச் செய்வதும் இப்பயிற்சியின் ஒரு பகுதியே. மார்பு விரியும்போது நாளங்களிலுள்ள இரத்தம் மேல்நோக்கி இழுக்கப்படுகிறது.

இதற்கு நேரமேது என்று கேட்பீர்கள். தறி வீட்டுப் பெண்களின் பகல் எவ்வாறு கழிகிறது என்பதை நாம் அறிவோம். ஆயினும் ஒரு வேளைப் பயிற்சிக்குப் பத்து நிமிடமே பிடிக்கும். காலையில் முகம் கழுவும்போது ஒரு வேளை, சோறு ஊட்டுவதற்கு முன் ஒரு வேளை என்று வேறு வேலைகளோடு சேர்த்துக்கொண்டால் அது தனிச் சுமையாகத் தோன்றாது. மற்றொன்றும் கூற வேண்டும்: இவ்வேலை முழுவதையும் மனைவியின் தலையிலோ மருமகளின் தலையிலோ சுமத்திவிட்டு, ஆண்கள் வாசலில் அமர்ந்து வருவோருக்கு நோயின் வரலாறு கூறிக்கொண்டிருப்பதைப் பல வீடுகளில் கண்டோம். தகப்பனின் காலை மடக்கி நீட்டுவதற்கு மகனின் கையும் உதவும்.

அசைப்பதோடு உயர்த்தி வைப்பதும் சேர வேண்டும். நமது கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து, இடுப்பு பள்ளத்தில் கிடக்கும். இது வடிதலுக்கு உதவாது. கயிற்றை இழுத்துக் கட்டுங்கள். அல்லது பலகைக் கட்டிலில் படுக்க வையுங்கள். தறிக் கழிவுப் பஞ்சை உறையில் திணித்தால் நல்ல தலையணை ஆகும். அதைக் கெண்டைக்காலின் கீழே நீளவாக்கில் வைத்து, பாதம் இருதயத்தின் மட்டத்திற்குச் சற்று மேலே இருக்குமாறு செய்ய வேண்டும். குதிகால் தலையணையில் படாமல் வெளியே தொங்க வேண்டும். இல்லையேல் குதிகாலில் படுக்கைப் புண் வந்துவிடும். வீங்கிய கையைத் தலையணைமீது, முழங்கையை விடக் கைவிரல்கள் உயர்ந்திருக்குமாறு வையுங்கள். மூச்சுத் திணறல் உள்ளவருக்கும் இருதய நோயாளிக்கும் மட்டும் காலை உயர்த்துமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும். காலில் நின்ற நீர் ஒரேயடியாக மார்புக்குத் திரும்பினால் அவர்களால் தாங்க இயலாது. இரண்டு மணி நேரத்திற்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பதை யாவரும் அறிவீர்கள்.

வீக்கம் தோன்றும் முன்னரே கழற்ற வேண்டியவை சில உண்டு: மோதிரம், மெட்டி, வளையல், கைக்கடிகாரம், மணிக்கட்டில் கட்டிய மந்திரித்த கயிறு, காலில் கட்டிய கறுப்புக் கயிறு. கயிற்றை அறுக்கப் பெரியோர் தயங்குவர். அதை அவிழ்த்து நோயாளியின் தலைமாட்டில் வைத்தால் அவர்கள் மனமும் அமைதி அடையும். வீங்கிய விரலில் மோதிரம் புதைந்து, பின்னர் அதை வெட்டி எடுக்க நேர்வதை விட இது மேல்.

இனி, கட்டுவதைப் பற்றி. இங்கேதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். ஓர் ஊரில் நாம் கண்டதைக் கூறுகிறோம். தறித் தொழிலாளி ஒருவர், வயது நாற்பதுக்குள், காலில் பட்ட காயம் சீழ்ப்பிடித்து உடம்பெங்கும் தொற்று பரவி, மூன்று வாரம் தீவிர சிகிச்சையில் இருந்து வீடு வந்திருந்தார். இரு கால்களும் வீங்கியிருந்தன. வீட்டார் பழைய சேலையைக் கிழித்து, முழங்காலுக்குக் கீழே ஒரே இடத்தில் நான்கைந்து சுற்று இறுக்கிக் கட்டியிருந்தனர். "இறுக்கிக் கட்டினா வத்திப்போயிருமுங்க என்று எல்லாரும் சொன்னாங்க" என்றார் அவர் மனைவி. கட்டுக்குக் கீழே பாதம் இருமடங்காகி, விரல் நுனிகள் கறுத்துக்கொண்டிருந்தன. உடன் வந்த தன்னார்வலர் முதலில் அந்தக் கட்டை அவிழ்த்தார். அன்றே அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, ஸ்கேன் மூலம் கால் நாளத்தில் இரத்தக் கட்டி இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே, இயன்முறை மருத்துவர் அசைக்கும் பயிற்சியைத் தொடங்கினார். "அசைக்காதே கண்ணு, நொந்த உடம்பு, கிடக்கட்டும்" என்று தடுத்த அவருடைய தாயார், இரண்டு வாரத்தில் தாமே பேரனைக் கூப்பிட்டுத் தகப்பன் காலைப் பிடிக்கச் சொன்னார். முறையான கட்டு அதன் பின்னரே, மருத்துவர் சொல்லிப் போடப்பட்டது. மூன்றாம் மாதம் அவர் சுவரைப் பிடித்து நடந்தார். தறிக்குத் திரும்ப மேலும் சில மாதங்கள் ஆயின.

முறையான கட்டு என்பது யாது? கிரேப் பாண்டேஜ் என்னும் இழுபடும் துணியை விரல்களின் அடியிலிருந்து தொடங்கி, குதிகாலையும் சேர்த்து மூடி, ஒவ்வொரு சுற்றும் முந்திய சுற்றின் பாதியை மறைக்குமாறு மேலே கொண்டு செல்ல வேண்டும். அழுத்தம் கணுக்காலில் மிகுந்தும், மேலே செல்லச் செல்லக் குறைந்தும் இருத்தல் அவசியம். நமது வழக்கமோ இதற்கு நேர்மாறாக, மேலே இறுக்கிக் கீழே தளர விடுவது. அது வடிகாலின் வாயில் மண் கொட்டுவதற்கு ஒப்பாகும். மடிப்போ சுருக்கமோ இருத்தல் கூடாது. விரல் நுனிகள் வெளியே தெரிய வேண்டும். கட்டிய சிறிது நேரத்திலும் அதன் பின்னரும் அவற்றைப் பார்க்க வேண்டும். விரல்கள் நீலம் பூத்தாலும், சில்லிட்டாலும், மரத்தாலும், வலி எடுத்தாலும் உடனே அவிழ்த்துவிடுங்கள். நாள்தோறும் கட்டை நீக்கிக் காலைக் கழுவி, விரல் இடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, தோலைச் சோதித்த பிறகே மீண்டும் கட்ட வேண்டும். அழுத்தக் காலுறைக்கும் இவையே விதிகள். அளவெடுத்தே வாங்க வேண்டும். மேற்புறம் சுருண்டு வளையமாகிவிட்டால் அது சேலைக் கட்டைப் போன்றே கேடு செய்யும்.

கட்டவே கூடாதவர் சிலர் உளர். நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குன்றியவர். ஆண்டுக்கணக்காகப் பீடி குடித்து, சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் வலித்து நிற்பவர். பாதம் சில்லிட்டு நாடி தென்படாதவர் ஆகியோருக்கு இரத்தம் கீழே வருவதே குறைவு. அதன்மேல் கட்டும் போட்டால் கால் அழுகக்கூடும். தீவிர இருதய நோயாளிக்கும், சிவந்து கொதிக்கும் காலுக்கும் மருத்துவர் பார்க்குமுன் கட்டலாகாது. செங்கல் ஒத்தடமும் இவர்களுக்கு ஆகாது. உணர்ச்சியற்ற காலில் சூடு தெரியாமல் வெந்து புண்ணாகிவிடும்.

மேலும் ஒன்று. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி, கெண்டைக்கால் வலித்து, சூடாக இருக்குமாயின், அங்கே நாளத்தில் இரத்தம் உறைந்து கட்டியாகியிருக்கலாம். அத்தகைய காலை எண்ணெய் தடவி நீவினால் கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்று அடைக்கக்கூடும். திடீர் மூச்சுத் திணறல், மார்பு வலி, சளியில் இரத்தம் ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 108ஐ அழையுங்கள். எண்ணெய் தேய்த்தலை நாம் முற்றிலும் விலக்கவில்லை. இரு கால்களும் ஒத்து வீங்கி, மருத்துவரும் கட்டி இல்லை என்று கூறிய பின், மெல்லத் தடவுவதில் தீங்கில்லை. மல்லனைப் பிடிப்பதுபோல் பிடிப்பதே தீங்கு.

பெரிய மருத்துவமனைகளில் காற்று நிரம்பித் தானே இறுக்கித் தளரும் உறைகளைக் காலில் பூட்டியிருப்பதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். ஊராட்சிக்கு ஒன்று வாங்கிவிட்டால் என்ன என்ற எண்ணம் எழுவது இயல்பே. இவ்வுறைகள் முதன்மையாக இரத்தக் கட்டியைத் தடுப்பதற்காகப் பூட்டப்படுபவை. பிரிட்டனில் 2,876 பக்கவாத நோயாளிகளிடம் சோதித்து 2013ஆம் ஆண்டு வெளியிட்டதில், உறை பூட்டியவருள் 8.5 சதவீதத்தினருக்கும், பூட்டாதவருள் 12.1 சதவீதத்தினருக்கும் கால் நாளத்தில் கட்டி கண்டது. பயன் உண்டு என்பது தெளிவு. ஆனால் 2019ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், இரத்தம் உறையாதிருக்க ஊசி மருந்து பெற்றுவரும் தீவிர சிகிச்சை நோயாளிகள் 2,003 பேரைச் சோதித்தனர். சவூதி அரேபியா, கனடா, ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளோடு நமது இந்தியாவின் மருத்துவமனைகளும் இதிற் பங்குபெற்றன. மருந்தோடு உறையும் பூட்டியவருள் 3.9 சதவீதம், மருந்து மட்டும் பெற்றவருள் 4.2 சதவீதம், குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. தொடை வரை அணியும் சாதாரண அழுத்தக் காலுறையோ, பக்கவாத நோயாளிகளுக்குக் கட்டியைத் தடுக்கவில்லை என்றும், தோலில் புண்ணை மிகுவித்தது என்றும் 2009ஆம் ஆண்டிலேயே கண்டறிந்தனர். எந்த நோயாளிக்கு எது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். அத்தகைய இயந்திரத்தை வாங்கி ஊராட்சி அலுவலக மூலையில் வைப்பதை விட, ஊருக்கு நான்கு பேர் காலை முறையாக அசைக்கக் கற்றுக்கொள்வதே நன்று என்பது நமது கருத்து. பணம் செலவிட்டே தீர வேண்டும் என்போர் சக்கர நாற்காலியும், நடைச் சட்டமும், உயர்த்தித் தாழ்த்தும் கட்டிலும் வாங்கி, வேண்டும் வீட்டிற்கு இரவல் கொடுத்து வாங்கலாம்.

கால் வீங்கினாலே யானைக்கால் என்று அஞ்சி ஒளித்து வைக்கும் வழக்கமும் நம்மிடையே உண்டு. யானைக்கால் கொசுவினால் பரவும் புழுவினால் வருவது. கடும் நோயில் வரும் வீக்கம் அதுவன்று. எனினும், வீக்கத்தைப் பேணும் வழி பெரிதும் ஒன்றே. இந்திய அரசு 1955ஆம் ஆண்டில் யானைக்கால் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கியது. அந்நாளில் நம் மாநிலத்தில் கும்பகோணம் இந்நோய்க்குப் பெயர்போன ஊர். இலங்கை இந்நோயைப் பொதுநலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து ஒழித்துவிட்டதை 2016ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் ஏற்றுக்கொண்டது. கேரளத்தில் காசர்கோட்டில் உள்ள பயன்பாட்டுத் தோலியல் நிலையத்தார், சோப்பினால் கழுவுதல், யோகப் பயிற்சி, மூச்சுப் பயிற்சி, அழுத்தக் கட்டு ஆகியவற்றை ஒருங்கிணைத்து, ஆலப்புழை, குல்பர்கா மாவட்டக் கிராமங்களிலேயே நோயாளிகளுக்குக் கற்பித்து, வீக்கம் குறைவதைக் கண்டனர். ஆஸ்பத்திரிக் கட்டிடமின்றிக் கிராமத்தில் இவ்வேலை நடக்கக்கூடும் என்பதற்கு இதை விட நெருங்கிய சான்று வேண்டுவதில்லை.

நமது மாநிலத்தில், வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் மேரி வர்கீஸ் அம்மையார், 1954ஆம் ஆண்டு கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். அவரது முயற்சியால் 1966ஆம் ஆண்டில் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது. ஒருவர் படுக்கையில் வீழ்ந்துவிட்டார் என்பதால் அவர் கதை முடிந்துவிட்டதாக எண்ணும் உறவினருக்கு இவரைப் பற்றிச் சொல்லுங்கள்.

உணவைப் பற்றிச் சுருங்கக் கூறுவோம். ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றின் உப்பு உடம்பில் நீரைப் பிடித்து வைக்கும். வீக்கம் உள்ள வரை விலக்குங்கள். குறைந்த ஆல்புமினும் கரைந்த தசையும் மீள்வதற்குப் புரதம் வேண்டும். நாமக்கல் முட்டை நாடெங்கும் செல்கிறது. நம் வீட்டு நோயாளியின் தட்டிற்கும் ஒன்றிரண்டு வரட்டும். முட்டை உண்ணாதவருக்குப் பருப்பும் பாலும் உண்டு. சிறுநீரக நோயாளிக்கு மட்டும் மருத்துவர் கூறும் அளவு. கஞ்சித் தண்ணீரை மட்டுமே மாதக்கணக்கில் ஊற்றிக்கொண்டிருப்பதால் வீக்கம் வற்றாது.

2021ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மாத்திரை கொண்டுவந்து தருவதோடு, இயன்முறை சிகிச்சையும் நோயாதரவுச் சிகிச்சையும் வீட்டிற்கே வரும்படி வகை செய்யப்பட்டது. மாத்திரையைப் பற்றி யாவரும் அறிந்திருக்கின்றனர்; மற்ற இரண்டைப் பற்றி அறிந்தோர் சிலரே. ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவர் வீடு திரும்பியது தெரிந்தவுடன், தன்னார்வலராகிய நீங்கள் அவ்வீட்டிற்குச் சென்று, விடுவிப்புச் சீட்டைப் பார்த்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்குத் தெரிவியுங்கள். முதல் நாளே இஞ்சு டேப்பினால், கணுக்கால் எலும்புக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே மையினால் ஒரு புள்ளி வைத்து, அவ்விடத்துச் சுற்றளவை இரு கால்களிலும் அளந்து நோட்டில் எழுதுங்கள். வாரம் இருமுறை, காலையில், அதே புள்ளியில் அளக்க வேண்டும். 'வீக்கம் வாடியதுபோல் தெரிகிறது' என்று கூறுவதை விட, 31 இருந்தது 28 ஆயிற்று என்று கூறுவது மருத்துவருக்குப் பயன்படும். இரு கால்களின் அளவிலும் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு கண்டால் அன்றே தெரிவித்தல் வேண்டும்.

அளவு எழுதுவதற்கான நோட்டுகளும் இஞ்சு டேப்புகளும் வாசலில் உள்ள மேசையில் இருக்கின்றன. ஒவ்வொருவரும் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். இனி இயன்முறை மருத்துவர் இந்தக் கட்டிலில் ஒருவரைப் படுக்க வைத்துக் காலை அசைக்கும் முறையையும் கட்டுப் போடும் முறையையும் செய்து காட்டுவார். பார்த்துவிட்டுப் போவதோடு நில்லாமல், இருவர் இருவராக முன்வந்து, ஒருவர் காலில் மற்றவர் கட்டிப் பார்க்க வேண்டுகிறோம். பின்வரிசையில் இருக்கும் ஊராட்சிச் செயலர்களுக்கும் இந்த வேண்டுகோள் பொருந்தும்.